இரண்டு மடங்கு மக்கள், மூன்று மடங்கு வேலை: அவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓசூருக்குத் தெற்கே ஒரு பேரூராட்சியில் நீங்கள் வார்டு உறுப்பினர். உங்கள் ஊருக்கு முழுமைத் திட்ட வரைவு வந்திருக்கிறது. 2021ல் 25,000 பேர் இருந்ததாகவும், 2041ல் 50,000 பேர் ஆவார்கள் என்றும் அதில் போட்டிருக்கிறது. வேலைவாய்ப்பு 10,000லிருந்து 30,000 ஆகுமாம். இந்தக் கணக்கை வைத்துத்தான் எந்த நிலம் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். "ஆட்சேபனை எழுத அவகாசம் இருக்கிறது. ஆனால் இந்த எண்கள் சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்பது உங்கள் கேள்வி.

கேட்டதே நல்லது. பெரும்பாலானோர் வரைபடத்தில் தங்கள் சர்வே எண் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நிறம் பின்னிணைப்பில் உள்ள ஓர் அட்டவணையிலிருந்து வந்தது. அங்கே எண் மாறினால் நிறமும் மாறும்.

இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கணக்குகளோடு வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிறப்பையும் இறப்பையும் ஓரளவு நம்பிக் கணக்குப் போடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் கணிப்பைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் குடிபெயர்வு. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், வந்தவர்கள் குடும்பத்தோடு தங்குகிறார்களா என்பதைப் பொறுத்தே எல்லாம். ஆனால் வரைவுகளில் எழுதாமல் விடப்படுவதும் பெரும்பாலும் இதுதான். ஆகவே அந்த அட்டவணையில் முதலில் குடிபெயர்வுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

அதற்கு முன் அடிப்படை எண்ணைப் பார்த்துவிடுவோம். 2021ல் 25,000 பேர் என்று யார் எண்ணினார்கள்? அந்த வருடம் கணக்கெடுப்பே நடக்கவில்லை. கடைசியாகத் தலை எண்ணியது 2011ல். அடுத்தது 2027 மார்ச் 1ஆம் தேதியை வைத்து நடக்கப்போகிறது. ஆக அந்த 25,000மும் ஒரு கணிப்புதான். ஒரு கணிப்பின் தலைமேல் இன்னொரு கணிப்பை ஏற்றியிருக்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் "மதிப்பீடு" என்று அட்டவணையில் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது எல்லை. இதில் நானே ஒருமுறை வழுக்கி விழுந்தேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு குடிநீர்த் திட்டத்துக்கு மக்கள்தொகைக் கணக்குப் போட்டேன். நகரத்தோடு சேர்ந்துவிட்ட ஒரு ஊராட்சியை நகரத்திலும் எண்ணி, ஒன்றியப் பட்டியலிலும் எண்ணிவிட்டேன். மேலே இருந்தவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கோப்பு கையெழுத்தாகும் நிலையில்தான் எனக்கே உறைத்தது.

ஓசூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2001ல் நகராட்சியின் மக்கள்தொகை 84 ஆயிரத்துச் சொச்சம். 2011ல் அதே பழைய எல்லைக்குள் சுமார் 1.17 லட்சம். பிறகு மத்திகிரி, ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி போன்ற சுற்றுப்பகுதிகளைச் சேர்த்து எல்லையை விரித்தார்கள். விரிந்த எல்லைக்கு அதே 2011 கணக்கைக் கூட்டினால் சுமார் 2.45 லட்சம் வருகிறது. 2019ல் மாநகராட்சியும் ஆனது. பழைய எல்லைக்குள் பார்த்தால் பத்து வருட வளர்ச்சி 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லையைக் கவனிக்காமல் 84 ஆயிரத்தையும் 2.45 லட்சத்தையும் பக்கத்தில் வைத்தால் ஏறத்தாழ 190 சதவீதம்! அதே வேகத்தில் இன்னும் இரண்டு பத்தாண்டுகள் இழுத்தால் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். இப்படி இழுத்த எண்களை நான் அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் பேரூராட்சியோடு ஏதாவது குக்கிராமம் சேர்ந்திருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். சென்னையில் உட்கார்ந்து அட்டவணை போடுகிறவருக்குத் தெரியாது.

இப்போது வேகம். இருபது வருடத்தில் இரண்டு மடங்கு என்றால் பத்தாண்டுக்கு 41 சதவீதம். ஓசூர், அதுவும் அதன் சூடான பத்தாண்டில், பழைய எல்லைக்குள் வளர்ந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதே 2001–2011ல் கிருஷ்ணகிரி மாவட்டம் முழுவதும் 20.4 சதவீதம் வளர்ந்தது. தருமபுரி 16.3. மாநிலம் 15.6. ஆக, உங்கள் ஊர் அன்றைய ஓசூரின் வேகத்தில், இரண்டு பத்தாண்டுகள் தொடர்ந்து வளரும் என்கிறது வரைவு. நடக்கவே நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கான காரணத்தை வரைவு எழுதிக் காட்ட வேண்டும்.

பிறப்பால் அந்த வேகம் வராது. பிறப்பு, இறப்பை மாதிரி எடுத்துக் கணக்கிடும் அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. தேசியக் குடும்பநல ஆய்வு 1.8 என்றது. எதை எடுத்தாலும், மக்கள்தொகை தன்னைத்தானே ஈடுகட்டிக்கொள்ளத் தேவையான 2.1ஐ விடக் குறைவு. நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லும்போது இன்னும் மனது வலிக்கிறது. 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான். 2011ல் 913 ஆக ஏறியது, அதற்குப் பலர் பாடுபட்டார்கள். ஆனால் 2001ல் இல்லாமல் போன அந்தப் பெண்கள் இருந்திருந்தால் இன்று 25லிருந்து 31 வயதில் இருந்திருப்பார்கள். பிள்ளை பெறும் வயது. வயதுவாரியாகக் கணிக்கும்போது, மாநிலச் சராசரி ஆண்–பெண் விகிதத்தை நம் மாவட்டத்துக்கு அப்படியே போட்டால் பிறக்காத பிள்ளைகளையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். இவ்வளவு நுணுக்கமாக யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

ஆக, 25,000 கூடுதல் பேரில் மிகப் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இங்கேதான் குடிபெயர்வு.

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் ஒருவர் எனக்குச் சொன்னதை மறக்கவே முடியாது. தொட்டியின் கொள்ளளவு போதுமா என்று கேட்கப் போயிருந்தேன். வால்வு சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னார்: "சாதாரண நாள்ல பாதித் தொட்டி ஏத்துனா போதுங்க சார், மிச்சம்தான். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் மூணு தடவை ஏத்துனாலும் பத்தாது." தெருவில் பார்த்தால் பத்து வீட்டுக்கு நாலு வீடு பூட்டு. திண்ணையில் கிழவிகள். வீட்டுக்காரர்கள் பெங்களூரில் கட்டட வேலையில், திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஓட்டு இங்கே, ரேஷன் கார்டு இங்கே, ஆள் அங்கே. வாக்காளர் பட்டியலை வைத்துக் கணித்தால் ஒரு எண் வரும், கார்டை வைத்தால் இன்னொன்று, ஆளை எண்ணினால் மூன்றாவது. தருமபுரி பக்கத்துப் பல ஒன்றியங்களுக்கு இதுதான் உண்மை நிலை. அங்கே கணிப்பு கேட்க வேண்டிய கேள்வி, போனவர்கள் திரும்புவார்களா என்பது.

கிருஷ்ணகிரிப் பக்கம் வேறு கதை. விடியற்காலை ஐந்து மணிக்குத் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை, தலையில் நேற்றுக் கட்டிய பூ. இளம்பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். ஒரே பஸ் நாலைந்து ஊர்களைச் சுற்றி ஆளேற்றிக்கொண்டு சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும், ஷிப்ட் முடிந்ததும் கொண்டுவந்து விடும். வேலை இருப்பது ஓரிடம், வீடு இன்னோர் இடம். ஆலை வந்த ஊரின் மக்கள்தொகை அதனால் ஏறுவதில்லை. மறுபக்கம், ஓசூர் ஆலைகளின் பொறியாளர்கள் பலர் எல்லை தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் குடியிருக்கிறார்கள். பெங்களூரில் வேலை செய்துகொண்டு வாடகை குறைவு என்று ஓசூரில் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். "இத்தனை வேலை, ஆகவே இத்தனை குடும்பம்" என்று நேர்கோடு போடும் கணக்கு நம் எல்லைப்புறத்தில் நிற்காது.

மூன்றாவது வகை ஒன்றும் இப்போது வந்திருக்கிறது. ஓசூர் அருகே ஐபோன் தயாரிப்பில் 60,000 பேர் வேலை செய்வார்கள், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். இப்படி வருகிறவர்கள் விடுதியில் தங்குகிற தனி ஆட்கள். அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், கழிவுநீர்க் குழாய் வேண்டும், இரவில் வெளிச்சமுள்ள தெருவும் ஆஸ்பத்திரியும் வேண்டும். தொடக்கப்பள்ளி வேண்டியதில்லை, மனை வாங்கமாட்டார்கள். 5,000 பேர் விடுதிக்கு வருவதும், 1,250 குடும்பங்கள் குடிவருவதும் அட்டவணையில் ஒரே எண்தான். ஊருக்கு அவை இரண்டு வேறு வேறு திட்டங்கள். உங்கள் வரைவு எதை நினைத்து 50,000 என்றது? லேஅவுட்டுகளுக்கு நூற்றுக்கணக்கில் ஏக்கர் ஒதுக்கியிருந்தால் குடும்பங்களை நினைத்திருக்கிறார்கள். தொழிற்சாலை வேலையைக் காரணமாகச் சொல்லியிருந்தால் வரப்போவது விடுதி ஆட்களாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இனி, எந்த முறையில் கணித்தார்கள் என்பது. நம் ஊர் அறிக்கைகளில் பெரும்பாலும் மூன்று முறைகளைப் பார்க்கலாம். பத்தாண்டுக்கு இவ்வளவு பேர் என்று சமமாகக் கூட்டுவது ஒன்று. இவ்வளவு சதவீதம் என்று வட்டிக்கு வட்டி போலப் பெருக்குவது இன்னொன்று. கூடுதலின் கூடுதலையும் சேர்ப்பது மூன்றாவது. மூன்றையும் போட்டுவிட்டு, பெரிய எண் எதுவோ அதை எடுத்துக்கொள்கிற வழக்கம் உண்டு. அதற்கு என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

முறையைச் சோதிக்க எளிய வழி, அதைப் பழைய காலத்துக்குப் போட்டுப் பார்ப்பது. பிரிக்கப்படாத தருமபுரி மாவட்டத்தில் 1991ல் சுமார் 24.29 லட்சம் பேர், 2001ல் 28.56 லட்சம். அதே சதவீதத்தில் பெருக்கினால் 2011க்கு 33.58 லட்சம் வரும். 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2011ல் இரண்டையும் கூட்டினால் உண்மையில் 33.87 லட்சம். தவறு ஒரு சதவீதம்கூட இல்லை. அபாரமாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் ஒரு பக்கம் வேகமாக ஏறியது, மறுபக்கம் மெதுவாக. மாவட்டத்துக்குச் சரியாக வந்த அதே சதவீதத்தை ஓசூருக்குப் போட்டிருந்தால் ஆயிரக்கணக்கானோருக்குக் குடிநீர் கணக்கிலேயே வந்திருக்காது. தருமபுரி நகரத்துக்குப் போட்டிருந்தால் அளவுக்கு மீறிப் போயிருக்கும். இடம் சிறிதாகச் சிறிதாகக் கணிப்பின் பிழை பெரிதாகும். பேரூராட்சி என்பது மிகச் சிறிய இடம். ஆகவே உங்கள் ஊருக்கு ஒரே எண் கொடுப்பது சரியல்ல. குறைந்தது, நடு, அதிகம் என்று மூன்று எண்கள் வேண்டும்.

மேலிருந்தும் ஒரு சோதனை உண்டு. தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு கணித்தபடி 2036ல் தமிழ்நாட்டில் சுமார் 7.8 கோடி பேர். 2011ல் 7.21 கோடி. 25 வருடத்துக்கு மாநிலம் முழுக்கக் கூடுவது 60 லட்சத்தை ஒட்டி. 2011ல் நம் இரு மாவட்டங்களின் பங்கு 4.7 சதவீதம். அந்தப் பங்கு அப்படியே நின்றால் இரண்டு மாவட்டங்களிலும் சேர்ந்தே மூன்று லட்சத்துக்குள்தான் கூடும். நம் பங்கு ஏறும் என்பது என் எண்ணம், ஓசூர் அதை இழுக்கும். வடமாநிலத்தவர் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தால் மாநிலக் கூட்டுத்தொகையே ஏறும். இருந்தாலும் ஒவ்வொரு ஊரின் வரைவும் தனித்தனியாக "இரண்டு மடங்கு" என்றால், எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறவர் யாராவது இருக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பேரூராட்சி, நகராட்சிகளின் வரைவுகளையும் வாங்கிக் கூட்டிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது வேலை.

வேலைவாய்ப்புக்கு வருவோம். 50,000 பேருக்கு 30,000 வேலை என்றால் நூற்றுக்கு 60. கைக்குழந்தை, பள்ளிப் பிள்ளை, எண்பது வயதுப் பாட்டி எல்லோரும் அந்த நூறில் அடக்கம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வேலை செய்தவர்கள் நூற்றுக்கு 45, 46 பேர்தான், அதிலும் விவசாயக் கூலி, வருடத்தில் சில மாதமே கிடைத்த வேலை எல்லாம் சேர்த்து. ஆக, இந்த இரண்டு எண்களும் ஒன்றாக நிற்க வேண்டுமென்றால் தினமும் பல ஆயிரம் பேர் வெளியூரிலிருந்து உங்கள் ஊருக்கு வேலைக்கு வந்து போக வேண்டும். அப்படியானால் பஸ் நிலையமும் சாலையும் அதற்கேற்ப வரைவில் இருக்கிறதா? இல்லையென்றால் மக்கள்தொகையை ஒருவரும் வேலையை இன்னொருவரும் கணித்து, பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அந்த 20,000 புதிய வேலை எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தச் செய்திகளிலிருந்து கூட்டியிருந்தால் எச்சரிக்கை. 2020 டிசம்பரில் ஓலா எலக்ட்ரிக் போச்சம்பள்ளி ஆலைக்கு ஒப்பந்தம் போட்டபோது 10,000 வேலை என்று அறிவிக்கப்பட்டது. முழுத் திறனில் வருடத்துக்கு ஒரு கோடி வண்டி என்றும் பின்னர் சொன்னார்கள். நாட்டில் விற்கும் மின்சார ஸ்கூட்டர் எல்லாவற்றையும் கூட்டினாலும் இன்னும் அந்த அளவை எட்டவில்லை. அறிவிப்பில் வரும் எண் என்பது எல்லாம் திட்டமிட்டபடி நடந்து முழுத் திறனை எட்டிய நாளுக்கான எண். அதை முதல் வருடத்திலேயே கணக்கில் ஏற்றக்கூடாது. விமான நிலையமும் இப்படித்தான். ஓசூரில் 2,000 ஏக்கரில், வருடத்துக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் விமான நிலையம் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டர் சுற்றுக்குள் போட்டி விமான நிலையம் கூடாது என்ற நிபந்தனை 2033 வரை இருக்கிறது. அந்த விமான நிலையத்தை நம்பிய வேலைகளை "அதிகம்" என்ற எண்ணில் வையுங்கள், "நடு" எண்ணில் வேண்டாம்.

கழிக்க வேண்டியதைக் கழித்தார்களா என்பதுதான் எனக்கு மிகவும் முக்கியம். மாந்தோப்பு லேஅவுட் ஆனால் பறிக்கும் ஆள், சுமக்கும் ஆள், கூழ் ஆலையில் சீசனுக்குப் போகும் பெண்கள், எல்லோரின் வேலையும் போகிறது. ராகியும் அவரையும் கொள்ளும் விளைந்த மானாவாரிக் காட்டில் களையெடுத்த ஐம்பது வயது அம்மாவை எந்த மின்னணு ஆலையும் எடுக்காது. வரைவில் கூட்டல் மட்டுமே இருக்கும், கழித்தல் இருக்காது. தொழில்துறை ஆண்டு ஆய்வை ஆதாரமாகக் காட்டியிருந்தால் இதையும் கேளுங்கள்: அந்த ஆய்வு பெரும்பாலும் பதிவு பெற்ற ஆலைகளுக்குத்தான். சிறு பட்டறை, வீட்டுத் தறி, பூக்கட்டும் வேலை எதுவும் அதில் வராது.

2027 கணக்கு வரும்வரை உள்ளூரில் சரிபார்க்கச் சில வழிகள் உண்டு. மின்வாரியத்தில் வீட்டு இணைப்புகள் வருடவாரியாக எத்தனை கூடின என்று கேட்கலாம், நான் முதலில் நம்புவது இதைத்தான். பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையைப் பார்க்கலாம். தனியார் பள்ளி பஸ் வெளியூர்ப் பிள்ளைகளை ஏற்றி வருவதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பதிவை நம்பாதீர்கள். பிறந்த இடத்தில்தான் பதிவாகும். பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊரில் பிறப்பு குவியும். அதோடு தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். குழந்தை பதிவாவது பாட்டி ஊரில், வளர்வது அப்பா ஊரில்.

சரி, இவ்வளவு பார்த்தும் 2041ல் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று என்னாலும் சொல்ல முடியாது. 32,000 ஆகலாம், 50,000 ஆகலாம். ஆகவே எந்த முடிவுக்கு எந்த எண் என்று பிரித்துக் கேளுங்கள். குடிநீர்ப் பொறியாளர்களின் மத்தியக் கையேடு பம்ப் மோட்டாருக்கு 15 வருடம், குழாய்க்கு 30 வருடம் என்று வேறு வேறு ஆயுள் வைத்திருப்பது இதற்காகத்தான். சாலைக்கும் தண்ணீர்த் தொட்டிக்குமான நிலத்தை அதிக எண்ணுக்கு ஒதுக்குங்கள், பிறகு வீடு வந்துவிட்டால் கிடைக்காது. பிரதானக் குழாயை நடு எண்ணுக்குப் போடலாம். மோட்டாரையும் சுத்திகரிப்பு நிலையத்தின் முதல் பகுதியையும் இன்றைய எண்ணுக்குச் சற்று மேலே வைத்தால் போதும். ஆனால் விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றுவதைக் குறைந்த எண்ணுக்கு மேல் ஒரு ஏக்கர்கூட இப்போது செய்ய வேண்டாம் என்பேன். அதைத் திருப்ப முடியாது. நம் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் கடனுதவியோடு, 2013ல் ஓடத் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்தான் இரு மாவட்டங்களுக்கும் ஆதாரம். அந்தக் குழாயின் கடைசியில் இருக்கும் ஊர் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது உங்கள் வார்டுப் பெண்கள்.

ஆட்சேபனைக் கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். 2021 எண்ணுக்கான எல்லை எது, அடிப்படை எது என்று கேளுங்கள். 20 வருட வளர்ச்சியில் பிறப்பால் எவ்வளவு, குடிபெயர்வால் எவ்வளவு, வருபவர்களில் குடும்பம் எத்தனை, தனி ஆள் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். நூற்றுக்கு 60 வேலை எப்படி என்று விளக்கம் கேளுங்கள். இழக்கப்போகும் விவசாய வேலையைக் கழித்த கணக்கைக் கேளுங்கள். 2027 கணக்கெடுப்பின் வார்டுவாரி எண்கள் வந்த ஆறு மாதத்துக்குள் இந்த அட்டவணையைத் திருத்துவோம் என்று வரைவிலேயே ஒரு விதியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கடிதத்தை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரை வாங்க மறக்காதீர்கள். பின்னிணைப்பு அட்டவணையைத் தர மறுத்தால் அன்றைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிடுங்கள். பதில் வர ஒரு மாதம் ஆகும், அவகாசம் முடிவதற்குள் அது கையில் இருக்க வேண்டும்.